பன்னிரண்டு தந்திக் கிற்றார் - எங்கள் வீட்டுக்கும் ஏற்றதுதானா?

யாழ் வாசித்த கண்பார்வையற்ற பாணன் ஒருவனுக்கு மன்னன் பரிசாகக் கொடுத்த மணற்றிடல்தான் யாழ்ப்பாணம் என்று எங்கள் அம்மம்மாமார் கதை சொல்லுவார்கள். மட்டக்களப்பு மண் தந்த சுவாமி விபுலானந்தரோ, மறைந்துபோன அந்த யாழைத் தேடி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து "யாழ் நூல்" எழுதினார். 1947 ஜூன் மாதம் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் கண்மூடினார். இப்படித் தந்திக் கருவியை ஊர்ப்பெயரிலும் ஆய்விலும் சுமந்து வந்தவர்கள் நாங்கள். ஆனால் வீட்டில் பிள்ளை "அப்பா, எனக்கு ஒரு கிற்றார் வேணும்" என்று கேட்டவுடன், எம்மில் பலருடைய முகம் சுருங்கிவிடுகிறது.

"வீணை பழகு, மிருதங்கம் பழகு, கிற்றார் எதற்கு?" என்பது ஒரு கேள்வி. "இருக்கிற செலவுக்குள் இது வேறா?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. அதிலும் பிள்ளை கேட்பது பன்னிரண்டு தந்திக் கிற்றார் என்றால் கேள்விகளும் இரட்டிப்பாகும். பிரெடெரிசியாவில் வசிக்கும் எம்மவர் வீடுகளையும், அண்மையில் இங்கு வந்து சேர்ந்த குடும்பங்களையும் மனதிற்கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறேன். எழுதுபவனிடமும் பழையதொரு பன்னிரண்டு தந்திக் கிற்றார் இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏழைகளின் கருவி

இக்கருவியைப் பணக்கார வீட்டு விளையாட்டுப் பொருள் என்று நினைக்கவேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஸ்கார் சிமிற் நிறுவனம் "ஸ்ரெல்லா" என்ற பெயரில் மலிவு விலைக் கிற்றார்களைச் செய்து விற்றது. தென்மாநிலங்களின் கறுப்பின இசைக் கலைஞர்கள் பலர் அவற்றை வாங்கி வாசித்தனர். மேளமோ பக்கவாத்தியமோ இல்லாமல் தெருவில் தனியே நின்று பாடுபவனுக்கு, இரட்டைத் தந்தியின் பெருத்த ஒலி இரண்டு பேர் வாசிப்பதுபோலக் கைகொடுத்தது.

அவர்களில் முதன்மையானவர் "லெட் பெலி" என்று உலகம் அறிந்த ஹடி லெட்பெற்றர். லூசியானா மாநிலத்தில் பிறந்த அவர், வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். ரெக்சாஸ் சிறையில் இருந்தபோது ஆளுநருக்கு முன்னால் விடுதலை கேட்டுப் பாடினார், 1925இல் மன்னிப்பும் பெற்றார். பின்னர் மீண்டும் லூசியானாவில் சிறைப்பட்டிருந்தவரை, 1933இல் நாட்டார் பாடல் சேகரிக்க வந்த லோமக்ஸ் என்னும் தந்தையும் மகனும் கண்டு அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். 1949இல் அவர் இறந்தார். அவர் பாடிவந்த "குட்நைற் ஐரீன்" என்ற பாடலை வீவர்ஸ் குழுவினர் பாடி, அது 1950இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதைக் காண அவர்தான் இருக்கவில்லை!

1964இல் பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் மின்சாரப் பன்னிரண்டு தந்திக் கிற்றாரைக் கையிலெடுத்தபின் உலகமெங்கும் அதற்கு மவுசு ஏறியது. ஊரில் நாங்கள் கசெற்றில் கேட்ட "ஹோட்டல் கலிபோர்னியா" பாடலின் தொடக்கத்தில் சிலுசிலுவென்று வருகிறதே ஓர் ஒலி, அதுவும் இதே கருவிதான்.

இரட்டைத் தந்தியின் இரகசியம்

பன்னிரண்டு என்றதும் பயப்படவேண்டாம். பன்னிரண்டும் ஆறு சோடிகள். சாதாரணக் கிற்றாரில் ஒரு தந்தி இருக்கும் இடத்தில் இங்கு இரண்டு, அடுத்தடுத்து நெருக்கமாக இருக்கும். ஒரே விரலால் இரண்டையும் ஒன்றாக அழுத்துகிறோம். ஆகவே ஆறு தந்திக் கிற்றாரில் பழகிய விரல் நிலைகள் அத்தனையும் இங்கும் செல்லும்.

மெல்லிய முதலிரண்டு சோடிகளில் இரு தந்திகளும் ஒரே சுரம். மற்ற நான்கு சோடிகளில் ஒன்று தடித்த தந்தி, மற்றது அதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி. இது எங்களுக்குப் புதிதா? தம்புராவை நினைத்துப் பாருங்கள். அதன் நான்கு தந்திகளில் நடுவிலுள்ள இரண்டும் ஒரே ஸட்ஜம். கடைசித் தந்தி அதே ஸட்ஜத்தின் கீழ் ஸ்தாயி. ஒரே சுரச் சோடியும் ஸ்தாயிச் சோடியும் எங்கள் கோவில் கச்சேரிகளில் காலங்காலமாக ஒலித்து வந்தவையே.

இரண்டு தந்திகளை எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கவே செய்யும். ஒன்று வினாடிக்கு 440 தடவையும் மற்றது 441 தடவையும் அதிர்ந்தால், வினாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். அந்த மெல்லிய அலைதான் இக்கருவியின் அழகு. வித்தியாசம் கூடினால் அதுவே காது கூசும் அபசுரம் ஆகிவிடும்.

எங்கள் இசைக்கு ஒத்துவருமா?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். கர்நாடக இசையின் உயிர் கமகம். வீணையில் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைப்பதுபோல இரட்டைத் தந்தியை இழுக்க முயன்றால், இரண்டும் ஒரே அளவில் அசையாமல் சுருதி சிதறும். எனவே கீர்த்தனை வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு இது ஏற்ற கருவி அல்ல. அப்பிள்ளைக்கு வீணையோ வயலினோதான் நல்லது.

ஆனால் பாட்டுக்குத் துணை வாசிக்க இதைப்போல் நிறைவான கருவி வேறொன்றைக் காண்பது அரிது. எமது ஈழத்துப் பொப் இசையை எண்ணிப் பாருங்கள். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் கிற்றாருடன் "சின்ன மாமியே" பாடியபோது, மேல்நாட்டுக் கருவி என்று யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை. 2018இல் சென்னையில் காலமான ஏ. ஈ. மனோகரன் "சுராங்கனி"யைக் கடல்கடந்து தமிழகம் வரை கொண்டுசென்றார். இளையராஜாவும் மேற்கத்தியக் கிற்றாரை முறைப்படி பயின்றவரே. 1982இல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் "இளைய நிலா" பாடலில் கிற்றாரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கிற்றார் எங்கள் வீட்டுக்குள் வந்து வெகுகாலமாகிவிட்டது.

வாங்கமுன் கவனிக்கவேண்டியவை

முதன்முதல் பழகும் சிறு பிள்ளைக்கு நைலோன் தந்தி பூட்டிய ஆறு தந்திக் கிற்றாரே போதும். சிறு விரல்களுக்கு இரட்டை உலோகத் தந்தி மிகுந்த வலி தரும். ஓரிரு வருடம் பழகி, ஆர்வம் நிலைத்தபின் பன்னிரண்டைப் பற்றி யோசிக்கலாம்.

புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. "கென்புரூ" எனப்படும் பழைய பொருட் கடைகளிலும், சந்தைகளிலும், 1981 முதல் இயங்கிவரும் "டென் புளோ அவிஸ்" விளம்பரங்களிலும் பழைய கிற்றார்கள் வருவதுண்டு. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆறு தந்திக் கிற்றாரின் தந்திகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ என்றால், பன்னிரண்டில் அது 100 கிலோவைத் தாண்டும். ஒரு பெரிய மனிதரின் பாரத்தைவிட அதிகமான இழுவையை அந்த மெல்லிய பலகை இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. ஆகவே காசு கொடுக்கமுன் இவற்றைப் பாருங்கள்:

1. வீணையின் தண்டிபோன்ற கழுத்துப் பகுதி வில்லாக வளைந்திருக்கிறதா? பன்னிரண்டாவது மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே 4 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் விட்டுவிடுங்கள்.

2. தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னால் ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் குதிரை கழன்றுகொண்டு வருகிறது என்று பொருள்.

3. முன்பலகை வயிறுபோல் புடைத்திருக்கிறதா?

4. பன்னிரண்டு பிரடைகளும் இலகுவாகச் சுழல்கின்றனவா?

வாங்கியபின் ஒரு யுக்தி. எல்லாத் தந்திகளையும் வழமையைவிட ஒரு முழுச் சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். இழுவை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும். வழமையான சுருதி வேண்டுமானால் இரண்டாவது மெட்டில் "கப்போ" என்னும் கிளிப்பை இறுக்கினால் சரி. கருவியும் பல ஆண்டு உழைக்கும், விரலும் நோகாது.

அடிக்கடி அறுவது மூன்றாவது சோடியின் மெல்லிய தந்திதான். கால் மில்லிமீற்றர் கூடத் தடிப்பில்லாத அத்தந்தியில் ஒன்றிரண்டை மேலதிகமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது எனக்கு அறுவது எப்போதும் கடை பூட்டியபின்தான்!

குளிர்காலமும் மரமும்

ஊரில் மரத்துக்கு ஈரம்தான் எதிரி. இங்கு குளிர்காலத்தில் வறட்சி எதிரி. வெளியே மழையும் பனியும் இருந்தாலும், ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் காற்று உலர்ந்துவிடும். மரம் சுருங்கி வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 வீதம் வரை இருப்பது கிற்றாருக்கு உகந்தது. அதை அளக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கும். ஹீற்றருக்கு அருகிலும் குளிர்ந்த வெளிச்சுவரிலும் கிற்றாரை வைக்கவேண்டாம். இரவில் காரில் விட்டு வரவும் வேண்டாம். வெளியிலிருந்து கொண்டுவந்தால் உறையைத் திறக்காமல் சிறிது நேரம் வீட்டுச் சூட்டுக்குப் பழகவிடுங்கள்.

எங்கே பழகலாம்?

டென்மார்க்கில் ஒவ்வொரு கொம்யூனும் 25 வயதுக்கு உட்பட்டோருக்கான இசைப்பள்ளி ஒன்றுக்கு வழிசெய்யவேண்டும் என்பது சட்டம். மாணவர்களிடம் அறவிடும் கட்டணம் பள்ளியின் மொத்தச் செலவில் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதும் சட்டமே. பணக்கஷ்டம் இருந்தால் சலுகை உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இசைப் புத்தகங்களை நூலகத்தில் இலவசமாக இரவல் பெறலாம். ஒரு விடயம் மட்டும் நினைவிருக்கட்டும். ஆங்கிலப் புத்தகங்களில் "பி" என்று வரும் சுரத்தை இங்கு "எச்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. இது தெரியாமல் புதிதாக வந்த பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள்.

கிற்றார் பழகும் பிள்ளைக்கு டெனிஷ் நண்பர்களின் வீட்டுக் கதவும் இலகுவில் திறக்கிறது. சேர்ந்து பாடுவது இந்நாட்டவரின் பழக்கம். 1894இல் முதலில் வெளிவந்த அவர்களது உயர்பாடசாலைப் பாடல் நூல் இன்றும் புதிய பதிப்புகள் காண்கிறது. அதேவேளை மாடிக் குடியிருப்பில் வசிப்போர் வீட்டு விதிமுறைகளை வாசித்து, இரவு அமைதி நேரத்தைக் கடைப்பிடிக்கவேண்டும். பன்னிரண்டு தந்தி சுவரையும் தாண்டிக் கேட்கும்.

நாங்கள் வாழும் பிரெடெரிசியாவும் வந்தேறிகளுக்குப் புதிய ஊரல்ல. 1650இல் மூன்றாம் பிரெடெரிக் மன்னன் கோட்டை நகராக அமைத்த இவ்வூருக்கு 1682இல் மதச் சுதந்திரம் வழங்கப்பட்டது. யூதர்களும் கத்தோலிக்கரும் வந்தார்கள். 1720 அளவில் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகளான ஹியூகனோக்கள் வந்து புகையிலையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். தங்களுக்கென அவர்கள் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. கொண்டுவந்ததையும் காத்து, வந்த இடத்தில் உள்ளதையும் கற்றவர்கள் அவர்கள். புகையிலைத் தோட்டம் என்றதும் யாழ்ப்பாணத்தாருக்கு அவர்களை விளங்காமலா போகும்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

கொம்யூன் கடிதம் வந்தால் பிள்ளை வாசித்துச் சொல்கிறது. வைத்தியரிடம் போனால் பிள்ளை மொழிபெயர்க்கிறது. பாடசாலைக் கூட்டத்தில் ஆசிரியர் சொல்வதையும் அதே பிள்ளைதான் எங்களுக்குச் சொல்கிறது. பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனின் மனம் என்ன பாடுபடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று பிள்ளையும் நம்பத் தொடங்குகிறது. பிறகு அறைக் கதவு சாத்தப்படுகிறது.

சுருதிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. பன்னிரண்டு தந்திகளையும் சேர்ப்பது ஒருவருக்குப் பொறுமையைச் சோதிக்கும் வேலை, இருவருக்கு இலகுவான வேலை. சுருதி காட்டும் மின்கருவிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் சோடித் தந்திகள் ஒன்றோடொன்று இழைகின்றனவா என்பதைக் கடைசியில் காதுதான் சொல்லவேண்டும். நாதஸ்வரத்தின் ஒத்தும், கோவில் பஜனையின் சுருதிப்பெட்டியும் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. பிள்ளை பிரடையை முறுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... போதும்!" என்று சொல்லுங்கள். உங்கள் சொல் சரி என்பதை அந்த நிமிடமே பிள்ளையும் தன் காதால் கேட்கும்.

ஆகவே பிள்ளை கிற்றார் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே ஓடிப்போய் வாங்கவும் வேண்டாம். முதலில் ஆறு தந்தியில் பழகட்டும். விடாமல் பழகினால், நல்லதொரு பழைய பன்னிரண்டு தந்தியைச் சேர்ந்து தேடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதில் நீங்கள் கேட்டு வளர்ந்த ஒரு பாட்டையும், பிள்ளை இங்கு பழகிய ஒரு பாட்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தந்தி ஒன்றுதான்.