மரம் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது

கருப்பட்டி நம் மாணவர்கள் அறிந்த பொருள்தான். ஆனால் அது கிடைத்த பனைமரம் யாருடையது என்று வகுப்பில் கேட்டால், "ஏறுபவருடையது" என்ற விடையே பெரும்பாலும் வரும். தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளில் பனையேறிகள் பலர் பிறர் நிலத்து மரங்களில் ஏறுபவர்கள். பருவம் தொடங்குமுன் நிலத்துக்காரரிடம் மரங்களை எண்ணி, பேசி, பாட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணமாகக் கொடுப்பது ஒரு முறை. கிடைக்கும் பதநீரிலோ கருப்பட்டியிலோ பங்கு கொடுப்பது மற்றொரு முறை. இந்த ஒரு பேச்சுவார்த்தைக்குள் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றுக்கும் பாடம் இருக்கிறது.

சாறு எங்கிருந்து வருகிறது?

பனையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. ஆண்மரத்தை அலகுப்பனை என்றும் பெண்மரத்தைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். இரண்டிலும் பதநீர் கிடைக்கும். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார்கள். இலையில் உருவான சர்க்கரையைக் கொண்டுசெல்லும் புளோயத்திலிருந்து சாறு சொட்டுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவதால் சாறு புளிக்காது. பூசாவிட்டால் அது கள்ளாக மாறிவிடும்.

கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் மேப்பிள் மரத்தில் எடுக்கும் சாறு வேறுவகை. குளிர்காலம் முடியும் வாரங்களில் இரவில் உறைந்து பகலில் உருகும்போது மரத்தினுள் அழுத்தம் உண்டாகிறது. அப்போது தண்டில் சிறு துளையிட்டால் சைலத்திலிருந்து சாறு வடியும். அதில் சர்க்கரை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். எனவே ஒரு லிட்டர் பாகு காய்ச்சச் சுமார் 40 லிட்டர் சாறு தேவை. பதநீரில் சர்க்கரை ஏறத்தாழ 12 விழுக்காடு. 8 முதல் 10 லிட்டர் பதநீரில் ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்துவிடும். சைலம், புளோயம் வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அங்கும் மேப்பிள் மரங்கள் இல்லாத உற்பத்தியாளர்கள், துளை ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலத்துக்காரருக்கு வாடகை கொடுத்துச் சாறு எடுக்கிறார்கள்.

பாட்டமா, பங்கா?

கீழுள்ள எண்கள் வகுப்பறைக் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்டவை. ஒருவர் 30 மரங்கள் எடுக்கிறார். கருப்பட்டி கிலோ 250 ரூபாய். பாட்டம் என்றால் மரத்துக்கு 400 ரூபாய். பங்கு என்றால் கருப்பட்டியில் ஐந்தில் ஒன்று.

நல்ல பருவத்தில் 300 கிலோ கிடைத்தால் மொத்தம் 75,000 ரூபாய். பாட்டம் 12,000 போக ஏறுபவருக்கு 63,000. பங்கு என்றால் 15,000 போக 60,000.

மோசமான பருவத்தில் 120 கிலோதான் கிடைத்தால் மொத்தம் 30,000 ரூபாய். பாட்டம் அதே 12,000, மிஞ்சுவது 18,000. பங்கு என்றால் 6,000 மட்டும் போய் 24,000 மிஞ்சும்.

நல்ல பருவத்தில் பாட்டம் ஏறுபவருக்கு லாபம். மழையோ வெயிலோ ஏமாற்றினால் நட்டம் முழுவதும் அவர் தலையில்தான். பங்கு முறையில் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். விறகுச் செலவையும், விடிலியில் பதநீர் காய்ச்சும் பெண்களின் உழைப்பையும் சேர்த்தால் கணக்கு எப்படி மாறும் என்று மாணவர்களையே கேட்கலாம். கையில் முதல் இல்லாதவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் பாட்டம் கட்டினால், கருப்பட்டியின் விலையை யார் முடிவு செய்வார் என்பது அடுத்த கேள்வி.

மரம் நிற்பதற்கு ஒரு காரணம்

பனை நம் மாநில மரம். ஆயினும் செங்கல் சூளைக்கு விறகாக வெட்டப்பட்ட பனைகள் ஏராளம். நட்டு 15 ஆண்டுக்கு மேல் காத்திருந்தால்தான் பாளை தரும் மரம், விறகாக ஒரே நாளில் போய்விடுகிறது. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. சட்டம் வெட்டுவதைத் தடுக்கும். ஆண்டுதோறும் வரும் பாட்டமோ, நிலத்துக்காரர் தாமே விரும்பி மரத்தை நிறுத்திவைக்கக் காரணமாகும். ஆனால் ஏற ஆள் இருந்தால்தான் பாட்டம் வரும். ஒருவர் நாளுக்கு முப்பது, நாற்பது மரம், அதுவும் காலை மாலை இருவேளையும் ஏறி இறங்கும் தொழிலில், ஏறுபவருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் இளையோர் வரமாட்டார்கள்.

வகுப்பில் செய்ய

கொல்லிமலை மாணவர்களுக்குப் பனை அன்றாடக் காட்சியல்ல. காரவள்ளி இறங்கிச் சமவெளிக்குப் போனால்தான் பார்க்கலாம். ஆனால் பலாவையும் மிளகையும் மரத்தில் இருக்கும்போதே விலைபேசுவது அவர்களுக்குத் தெரியும். அதிலிருந்து தொடங்கினேன். எட்டாம் வகுப்பை நிலத்துக்காரர், ஏறுபவர் என இரு குழுவாகப் பிரித்து ஓர் ஒப்பந்தம் எழுதச் சொன்னேன். எத்தனை மரம், எத்தனை மாதம், பணமா பங்கா, பணம் எப்போது, மரம் பட்டுப்போனால் யார் பொறுப்பு என்று எழுதினார்கள். "ஏறுபவர் விழுந்துவிட்டால்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கான வரியை எழுதத்தான் இரு குழுவுக்கும் நெடுநேரம் பிடித்தது. பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தைப் பற்றிச் சொல்ல அதுவே சரியான இடமாக அமைந்தது.

உங்கள் ஊரில் பனை இல்லாவிட்டால் புளி, தென்னை, மா என எந்த மரத்தின் குத்தகையையும் எடுத்துக்கொள்ளலாம். பெற்றோரிடம் உண்மையான தொகையைக் கேட்டுவரச் சொல்லுங்கள். மேலே நாம் வைத்த எண்களை அழித்துவிட்டு அவற்றைக் கொண்டு கணக்கிடலாம்.