கேஸ் ஜெயிச்சாச்சு... ஆனா முடியலை! மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு நகர்வது எப்படி?

"தீர்ப்பு நமக்குச் சாதகமா வந்துடுச்சு" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்ததும், வழக்கு முடிந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். தோற்றவரோ, "அதான் அப்பீல் போட்டாச்சே, இனி ஒண்ணும் ஆகாது" என்று நிம்மதியாக இருக்கிறார். இரண்டுமே தப்புக் கணக்கு. சொத்து வழக்குகளில் பல குடும்பங்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஓர் உதாரணம். அப்பா பெயரில் ஒரு மனை. பக்கத்து மனைக்காரர் அதில் 2 சென்ட்டைச் சேர்த்து வேலி போட்டுவிட்டார். அப்பா சார்பு நீதிமன்றத்தில் (சப் கோர்ட்) வழக்குப் போட்டு ஜெயித்தார். "இடம் இவருடையது, காலி செய்து ஒப்படைக்க வேண்டும்" என்பது தீர்ப்பு. பக்கத்து மனைக்காரர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறார். இனி என்ன நடக்கும்?

எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்?

முதல் மேல்முறையீட்டு உரிமையைத் தருவது 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் (சி.பி.சி.) 96-வது பிரிவு. முன்சீப் கோர்ட் தீர்ப்பு என்றால் பொதுவாகச் சார்பு நீதிமன்றத்துக்கும், சார்பு நீதிமன்றத் தீர்ப்பு என்றால் வழக்கின் மதிப்பைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகும். மாவட்ட நீதிமன்றமே முதலில் விசாரித்த வழக்கு என்றால் நேராக உயர் நீதிமன்றம்தான். இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது.

30 நாள்... எப்படி எண்ணுவது?

மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். தீர்ப்பு சொன்ன நாள் இதில் சேராது. தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பித்து, அது தயாராகும் வரை ஆகும் காலமும் கழிக்கப்படும்.

இங்கேதான் ஒரு சிக்கல். தீர்ப்பு வந்து 20 நாள் சும்மா இருந்துவிட்டு நகல் கேட்டால், அந்த 20 நாள் போனது போனதுதான். மிச்சம் 10 நாள். அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல் குமாஸ்தாக்கள், தீர்ப்பு வந்த கையோடு நகல் விண்ணப்பம் போட்டுவிடுவார்கள்.

காலம் கடந்தால்? தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். போதுமான காரணம் காட்ட வேண்டும். அந்த மனு முடிந்து, மேல்முறையீட்டை விசாரிக்கலாம் என நீதிமன்றம் முடிவெடுக்கும்வரை தீர்ப்பாணைக்குத் தடை கிடைக்காது.

அப்பீல் போட்டாலே தடையா?

இல்லை. சி.பி.சி.யின் 41-வது கட்டளை, 5-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. தடை வேண்டுமென்றால் தனி மனு போட வேண்டும். தடை இல்லாவிட்டால் பெரிய இழப்பு நேரும், தாமதமில்லாமல் வந்திருக்கிறோம், உரிய பிணையம் தருகிறோம் என்று மூன்றையும் நீதிபதி ஏற்கும்படி காட்ட வேண்டும். பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணை என்றால், தொகையை டெபாசிட் செய்யவோ பிணையம் தரவோ நேரும்.

தடை இல்லையா? ஜெயித்தவர் நிறைவேற்று மனு போட்டு இடத்தைக் கேட்கலாம். ஆனால் பின்னால் மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழாக மாறினால், 144-வது பிரிவின்படி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

ஜெயித்தவர் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு: கேவியட் மனு. "என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்" என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் சொல்லிவைப்பது. இதற்கு ஆயுள் 90 நாள். தேவைப்பட்டால் திரும்பப் போட வேண்டும். கேவியட் இருந்தாலும் தடை உத்தரவு வரலாம். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு வரும், அவ்வளவுதான்.

மறுபடியும் சாட்சிக் கூண்டா?

பொதுவாக இல்லை. மேல்முறையீட்டுக்கு எண் கொடுக்கப்பட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். கீழமை நீதிமன்றத்திலிருந்து வழக்குக் கட்டு வரவழைக்கப்படும். அதில் ஏற்கெனவே இருக்கும் சாட்சியம், ஆவணங்களை வைத்தே இரு தரப்பு வாதமும் நடக்கும்.

"அப்ப காட்ட மறந்த பத்திரத்தை இப்ப காட்டலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். கதவு முழுசா மூடவில்லை, ஆனால் குறுகலானது. கீழ்க்கோர்ட் தவறாக ஏற்க மறுத்த ஆவணம், உரிய முயற்சி எடுத்தும் அப்போது கிடைக்காத ஆவணம், தீர்ப்புச் சொல்ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே தேவைப்படும் ஆவணம் ஆகியவற்றை மட்டுமே 27-வது விதி அனுமதிக்கிறது. மறதி அந்தப் பட்டியலில் இல்லை.

ஜெயித்தவருக்கும் தீர்ப்பில் ஒரு பகுதி பாதகமாக இருக்கலாம். உதாரணமாக, இடம் கிடைத்தது, இழப்பீடு மறுக்கப்பட்டது. அவர் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எதிர் ஆட்சேபணை போடலாம்.

வாய்தாவுக்குப் போகலைன்னா?

மேல்முறையீடு செய்தவரோ அவருடைய வக்கீலோ ஆஜராகாவிட்டால் மேல்முறையீடு தள்ளுபடி ஆகலாம். அதை மீட்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும். எதிர்த்தரப்பு வராவிட்டால், அவர்கள் இல்லாமலேயே விசாரணை நடக்கும்.

இன்னொன்று, குடும்பங்கள் அடிக்கடி தவறவிடுவது: வழக்கில் உள்ள ஒருவர் இறந்துபோனால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க மேலும் 60 நாள் அவகாசம். அப்பா நடத்திய வழக்கின் எண்ணும் வக்கீலின் போன் நம்பரும் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மனை வாங்குபவர் கவனத்துக்கு

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இடத்தை விற்றால், வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு இது. "ஈ.சி. கிளீனா இருக்கு" என்பது மட்டும் போதாது. வில்லங்கச் சான்றில் வருவது பதிவான ஆவணங்கள். வழக்கு அதில் வராமலும் போகலாம். விற்பவரின் பெயரை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பார்ப்பது நல்லது.

பேசித் தீர்த்தால் லாபமா?

மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றக் கட்டணம் உண்டு. சமரசமானால் அதைத் திரும்பப் பெறத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. கோர்ட் அனுப்பாமல் இரு தரப்பும் வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலேயே இலவச உதவி உண்டு.

தீர்ப்புக்குப் பிறகு?

மாவட்ட நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தீர்ப்பை உறுதி செய்யலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம், மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பலாம். வேலி யார் நிலத்தில் இருக்கிறது, எந்தச் சாட்சியை நம்புவது என்பதையெல்லாம் அது முதலிலிருந்து எடைபோட முடியும்.

அடுத்த படி, உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. ஆனால் அங்கே முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் வழக்கு நிற்கும். சங்கதிகளைப் பொதுவாக மறுபடி அலச மாட்டார்கள். "ஹைகோர்ட்ல பாத்துக்கலாம்" என்று மாவட்ட நீதிமன்றத்தில் அலட்சியமாக இருப்பது ஆபத்தாவது இதனால்தான்.

இன்றே செய்யக்கூடியது

• வக்கீலிடம் மேல்முறையீட்டின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய வழக்கின் எண் இதற்கு உதவாது.

• இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி, பிறப்பித்த உத்தரவுகள் தெரியும்.

• தடை உத்தரவு இருக்கிறதா, எதுவரை, என்ன நிபந்தனை என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.