தாலந்தும் திறமையும்

நம் திருச்சபைகளில் இளைஞருக்கெனத் “தாலந்துப் போட்டிகள்” நடைபெறுவதை நாம் அறிவோம். இனிமையாகப் பாடும் சிறுமியைக் குறித்து, “ஆண்டவர் அவளுக்கு நல்ல தாலந்தைக் கொடுத்திருக்கிறார்” என்று பெரியோர் மகிழ்வர். இவ்வழக்கில் தாலந்து என்பது பிறவித் திறமையைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் “டேலண்ட்” என்னும் சொல்லுக்கும் இதுவே பொருள். ஆனால் நம் ஆண்டவர் கூறிய உவமையில் (மத். 25:14-30) இச்சொல்லின் நேர்ப்பொருள் இதுவன்று. இச்சொல் கடந்து வந்த பாதையை அறிவது, அவ்வுவமையைப் பிரசங்கிக்கும் நமக்குப் பயன் தருவதாகும்.

கிரேக்க மொழியில் “தாலந்தொன்” என்பது முதலில் தராசையே குறித்தது. தாங்குதல், சுமத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் இது. ஹோமரின் இலியட் காவியத்தில் சேயுசு தேவன் வீரர்களின் விதியை நிறுத்துப் பார்க்கும் பொற்றராசுக்கு இதுவே பெயர். பின்னர் இச்சொல் நிறுக்கப்படும் எடைக்கும், அவ்வெடையுள்ள வெள்ளிக்கும் பெயராயிற்று. ஏதென்ஸ் நகரத்துத் தாலந்து ஏறக்குறைய 26 கிலோகிராம்; அது 60 மினா, அதாவது 6,000 திராக்மா மதிப்புடையது. லூக்கா 19ஆம் அதிகாரத்தில் “ராத்தல்” என நம் வேதாகமம் மொழிபெயர்த்திருப்பது இந்த மினாவையே.

பழைய ஏற்பாட்டில் தாலந்து என நாம் வாசிப்பது எபிரெயத்தில் “கிக்கார்” என்பதாகும். வட்டமானது என்பது அதன் பொருள். யாத்திராகமம் 38:25-26இல் 6,03,550 பேர் ஆளுக்கு அரைச் சேக்கல் கொடுக்க, 100 தாலந்தும் 1,775 சேக்கலும் சேர்ந்தன. கணக்கிட்டுப் பார்ப்பின் ஒரு தாலந்து 3,000 சேக்கல் என்பது தெளிவாகும்.

புதிய ஏற்பாட்டுக் காலத்தில் ஒரு தாலந்தின் மதிப்பு என்ன? நாளொன்றுக்கு ஒரு தெனாரியு கூலி என்பதை மத்தேயு 20ஆம் அதிகாரம் காட்டுகிறது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியு. ஆண்டுக்கு 300 நாள் உழைப்பவனுக்கு இது 20 ஆண்டுக் கூலியாகும். கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டுதோறும் கிடைத்த வருவாய் 200 தாலந்து என யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ஆகவே, ஒரு தாலந்து பெற்றவன் அற்பமானதைப் பெற்றவனல்லன்.

இனி, இச்சொல் ஆங்கிலத்தில் புகுந்த வகையைக் காண்போம். இலத்தீனில் “தலெந்தும்” ஆகி, பழைய ஆங்கிலத்தில் எடையையும் பணத்தையும் குறித்தது. இடைக்கால இலத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் இதற்கு விருப்பம், மனச்சாய்வு என்னும் பொருள் தோன்றியது. தராசுத் தட்டு ஒருபுறம் சாய்வதுபோல் மனமும் சாய்கிறதன்றோ! ஏறக்குறைய 1300இல் ஆங்கிலத்திலும் இப்பொருள் வழங்கியது. 15ஆம் நூற்றாண்டில், உவமையின் செல்வாக்கால், வளர்த்துப் பயன்படுத்தும்படி கடவுள் ஒப்புவித்த ஆற்றல் என்னும் பொருள் நிலைபெற்றது. காலப்போக்கில் “ஒப்புவித்த” என்னும் கருத்து மறைந்து, “ஆற்றல்” மட்டும் எஞ்சியது. கொடுத்தவர் மறக்கப்பட்டார், பெற்றவன் உடைமையாளன் ஆனான்.

உவமையோ இவ்விரண்டையும் தெளிவாக வேறுபடுத்துகிறது. எஜமான் “அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக” தாலந்துகளைக் கொடுத்தான் (25:15). திறமை என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் “தூனாமிஸ்”. திறமை ஊழியக்காரனிடம் ஏற்கெனவே இருப்பது. தாலந்து அத்திறமையை நோக்கி அவனிடம் ஒப்புவிக்கப்படுவது. இரண்டும் ஒன்றாயின், திறமைக்குத் தக்கதாகத் திறமை கொடுக்கப்பட்டது என்றாகிவிடும். மேலும், அவன் புதைத்தது தன் பணத்தையன்று, எஜமானுடைய பணத்தையே என்று 18ஆம் வசனம் கூறுகிறது.

அவ்வாறாயின், தாலந்தைத் திறமை எனக் கொள்வது முற்றிலும் பிழையோ? அவ்வாறு கூறிவிடவும் இயலாது. கிறிசொஸ்தோமு தம் அருளுரையில், பிறரைப் பாதுகாக்கும் செல்வாக்கு, பொருள், போதிக்கும் ஆற்றல் ஆகிய யாவும் தாலந்தே என விளக்கினார். மகா கிரகோரியார் ஐந்து தாலந்துகளில் ஐம்புலன்களைக் கண்டார். ஆயினும், இவை யாவும் பிறருடைய நன்மைக்கெனக் கடவுள் நம்மிடம் ஒப்படைத்தவை என்பதை அவர்கள் மறக்கவில்லை. நாம் மறந்தது அதனையே.

இம்மறதியால் சபையில் விளைவதென்ன? பாடவும் பேசவும் வல்லவர் தம்மை ஐந்து தாலந்துக்காரராக எண்ணிப் பெருமிதம் கொள்கின்றனர். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியோ, “எனக்கு எந்தத் தாலந்தும் இல்லை, ஐயரே” என்று கூறி ஒதுங்கிவிடுகிறார். உவமை அவருக்குரியதன்று என நாமே அவருக்குக் கற்பித்துவிட்டோம். ஆனால் அவர் அறிந்த நற்செய்தியும், அண்டை வீட்டார் அவர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையும், அவர் பெற்ற மன்னிப்பும் யாருடைய ஆஸ்தி?

இன்னுமொன்று நோக்கத்தக்கது. ஐந்து தாலந்து, அதாவது நூறாண்டுக் கூலி, எஜமானின் வாயில் “கொஞ்சம்” எனப்படுகிறது. ஐந்தைப் பெற்றவனும் இரண்டைப் பெற்றவனும் ஒரே சொற்களால் பாராட்டப்படுகின்றனர் (25:21, 23). அளவு அங்குப் பேசப்படவில்லை, உண்மையே பேசப்படுகிறது. மூன்றாமவன் திறமையின்மையால் கெட்டவனல்லன். எஜமானைக் கடினமுள்ளவர் எனக் கருதி அஞ்சியதே அவன் கேடு. காசுக்காரரிடம் பணத்தைப் போட்டுவைக்கத் தனித்திறமை தேவையில்லை அன்றோ?

எனவே, தாலந்து ஞாயிறன்று பிரசங்க பீடத்தில் நிற்கும் நாம், “உங்களிடம் என்ன திறமை இருக்கிறது?” என்று வினவுவதற்குமுன், “உங்களிடம் யாருடைய பொருள் இருக்கிறது?” என்று வினவுவோமாக. முதல் வினாவுக்குச் சிலரே விடைகூற இயலும். இரண்டாவதற்கோ சபையார் அனைவரும் கணக்கொப்புவித்தாக வேண்டும்; அவர்களுக்கு முன்பாக நாமும்.