உருக்கின் வன்மையும் துவிச்சக்கர வண்டியின் சட்டமும்

மோட்டார் வண்டிகளின் உடலை ஆக்குதற்கு இக்காலத்தில் வழங்கும் உருக்கு வகைகளுட் சில, சாதாரண உருக்கினும் ஏறத்தாழ நான்கு மடங்கு வன்மையுடையன. போரன் சேர்ந்த உருக்குத் தகட்டை ஏறத்தாழ 900 பாகை சதமவளவிற்குக் காய்ச்சி, அச்சிலிட்டு அழுத்தி, அவ்வச்சிலேயே விரைந்து குளிர்விப்பர். அதன் இழுவை வன்மை 1,500 மெகாபாஸ்கல் அளவினை எய்தும். மோதலின்போது பிரயாணிகளைக் காக்குந் தூண்கள் இவ்வாறு ஆக்கப்படுவன. இத்துணை வலிய பொருளாற் குழாய் செய்து துவிச்சக்கர வண்டிக்குச் சட்டம் அமைத்தால், அது பாரங் குறைந்ததாயும் உறுதி மிக்கதாயும் இருக்குமன்றோ என்னும் வினா எழுதல் இயல்பே.

இதற்கு விடை காணுமுன், வன்மை, விறைப்பு என்னும் இரண்டினையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். வன்மையாவது, பொருள் முறியாமலும் மீளாவண்ணம் வளையாமலும் தாங்கும் ஆற்றல். விறைப்பாவது, பாரத்தின் கீழ் நெகிழ்ந்து கொடாத தன்மை. கலப்பு மூலகங்களாலும் வெப்பச் செயலாலும் வன்மையைப் பன்மடங்கு பெருக்கலாம். விறைப்போ அவற்றால் அதிகம் மாறுவதில்லை. எவ்வகை உருக்கிற்கும் யங்கின் மட்டு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கலே. ஆகவே, விட்டம் மாறாதிருக்கக் குழாயின் சுவரைப் பாதியாக மெலிவித்தால், அது முறியாதெனினும் ஏறத்தாழ இருமடங்கு நெகிழும்.

இக்குறையை நீக்கும் வழி குழாயின் வடிவில் உளது. மெல்லிய குழாயின் பாரம், விட்டத்தையும் சுவர்த்தடிப்பையும் பெருக்கிவருந் தொகைக்கு நேர்விகிதமாகும். வளைவை எதிர்க்கும் விறைப்போ, விட்டத்தின் மும்மடியையும் தடிப்பையும் பெருக்கிவருந் தொகைக்கு நேர்விகிதமாகும். எனவே பாரம் மாறாது, 25.4 மில்லிமீற்றர் விட்டத்தை 28.6 மில்லிமீற்றர் ஆக்கினால், விறைப்புக் காற்பங்குக்குச் சற்று மேலாக மிகும். இதற்கும் எல்லையுண்டு. விட்டம் மிகப் பெருத்துச் சுவர் மிக மெலிந்தால், குழாய் தகரப்பேணிபோல் நசுங்கிவிடும்.

மூட்டுகளே மற்றோர் இடர்ப்பாடு. விரைந்து குளிர்வித்தலாற் பெற்ற வன்மையை, காய்ச்சியிணைக்கும் வெப்பம் மூட்டின் அருகே குறைத்துவிடும். சட்டத்தில் தகைப்பு மிகுவதும் அவ்விடத்திலேயாம். பேமிங்காம் நகரத்து றெனோல்ட்ஸ் நிறுவனத்தாரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். முனைகள் தடித்தும் நடு மெலிந்தும் உள்ள குழாய்க்கு 1897 இல் உரிமைப்பத்திரம் பெறப்பட்டது. மங்கனீசும் மொலிப்டீனமுஞ் சேர்ந்த 531 என்னும் உருக்குக் குழாய் 1935 இல் வெளிவந்தது. அதனைப் பெரும்பாலும் பித்தளைப் பற்றாசினால், குறைந்த வெப்பத்தில் இணைத்தனர். வெப்பச் செயலால் மேலும் வன்மையூட்டப்பெற்ற 753 என்பதற்கு, அதனினுங் குறைந்த வெப்பத்தில் உருகும் வெள்ளிப் பற்றாசு வேண்டியதாயிற்று. 1995 இல் வந்த 853 என்பதோ, காய்ச்சியிணைத்தபின் காற்றிற் குளிரும்போதே மூட்டருகில் வன்மை பெறுவது.

மோட்டார் வண்டிக்கு உகந்த உருக்கு, துவிச்சக்கர வண்டிக்கும் அவ்வாறே உகந்ததாகிவிடாது. வலிய உருக்குச் சுவரை மெலிவித்தற்கு இடந்தரும். விறைப்பைத் தருவது வடிவமே. செலுத்துவோனின் உயிரைக் காப்பது மூட்டின் செம்மையே.