ஓய்வுக்குப் பின் கரையோரம்: பெங்களூரிலிருந்து ஒரு கேரவன் பயணம்

கேரள எல்லையிலிருந்து கோவா எல்லை வரை கர்நாடகக் கடற்கரை சுமார் 320 கிலோமீட்டர் நீளமுள்ளது. தட்சிண கன்னடா, உடுப்பி, உத்தர கன்னடா ஆகிய மூன்று மாவட்டங்களில் அது அடங்குகிறது. பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இக்கரையின் ஊர்களை இணைக்கிறது. பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளிலும் வங்கிகளிலும் பணியாற்றி 60 வயதில் ஓய்வு பெறுவோர், படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியில் ஊர் ஊராகத் தங்கிப் பார்க்க ஏற்ற கரை இது. ஊர்களுக்கிடையே தொலைவு குறைவு. கோயில், கடல், ஆறு, சாப்பாடு என ஒவ்வோர் ஊருக்கும் தனிச்சிறப்பு உண்டு. முதல் முறை புறப்படுவோர் வண்டி, பருவம், தங்குமிடம் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

எந்த வண்டி?

ஆஸ்திரேலியாவில் ஓய்வு பெற்றவர்கள் காருக்குப் பின்னால் தங்கும் வசதியுள்ள கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடலோர ஊர்களைச் சுற்றுவது பரவலான வழக்கம். இந்தியாவில் இந்தப் பழக்கம் இப்போதுதான் வேர்விடுகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-இல் கேரவன்களுக்கும் அவை தங்கும் பூங்காக்களுக்கும் கொள்கை வகுத்தது. கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தைத் தொடங்கியது.

புதியவர்களுக்கு எளிய வழி, ஓட்டுநருடன் வாடகைக் கேரவன் எடுப்பது. டெம்போ டிராவலர் போன்ற வேனில் படுக்கை, கழிவறை, சிறு சமையலிடம் ஆகியவற்றை அமைத்த வண்டிகள் பெங்களூரில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அடுத்த வழி, சொந்தக் காரில் சென்று ஹோம்ஸ்டேக்களில் தங்குவது. டிரெய்லர் மூன்றாவது வழி. அதற்குப் பயிற்சியும் வேண்டும், சரியான ஆவணங்களும் வேண்டும்.

டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். அதற்கெனத் தனிப் பதிவும் காப்பீடும் தேவை. பட்டறையில் சொல்லிச் செய்த வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகம் பதிவு செய்யுமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. காரை வெட்டிப் படுக்கை அமைக்க நினைப்போருக்கும் இது பொருந்தும். ஓட்டுநர் உரிமத்தின் தேதியையும் பார்க்க வேண்டும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும்; மருத்துவர் தரும் படிவம் 1ஏ சான்றும் தேவைப்படும்.

டிரெய்லரின் ஓட்டம் சுமை வைக்கும் விதத்தைப் பொறுத்தது. கனமான பொருள்கள் அச்சுக்குச் சற்று முன்னால், தரையை ஒட்டி இருக்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் பின்கொக்கியில் இறங்குவது பொதுவான கணக்கு. பின்பக்கம் கனத்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, காரையும் இழுத்துவிடும். ரிவர்ஸ் எடுக்கையில் டிரெய்லரின் பின்புறம் ஸ்டியரிங் திரும்பும் திசைக்கு எதிராகப் போகும். காலி மைதானத்தில் பழகி, கை தானாகத் திரும்பும் நிலை வந்த பிறகே நெடுஞ்சாலைக்குப் போகலாம்.

பருவமும் பாதையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இக்கரையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கடல் கொந்தளிக்கும், உடுப்பி அருகே மல்பேயிலிருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு ஓடாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்கும் தடை உண்டு. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பயணத்துக்கு ஏற்ற காலம்.

பெங்களூரிலிருந்து நெலமங்கலா, குணிகல், ஹாசன், சக்லேஷ்பூர் வழியாகச் செல்லும் 75-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சிராடி காட் வழியே மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்குகிறது. மங்களூருக்கு இந்த வழியில் சுமார் 350 கிலோமீட்டர். ஹாசனில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் காட் இறங்குவது முதியவர்களுக்கு நல்லது. இறக்கத்தில் குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறுகிய கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஆகும்பே காட் பாதையை டிரெய்லர் இழுப்போர் தவிர்க்க வேண்டும்.

ஊர் ஊராக

மங்களூரிலிருந்து உடுப்பி சுமார் 60 கிலோமீட்டர். வழியில் படுபித்ரி கடற்கரை 2020-இல் தூய்மையான கடற்கரைகளுக்கான நீலக்கொடிச் சான்று பெற்றது. காப்புவின் கலங்கரை விளக்கம் 1901-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உடுப்பியில் மத்வர் நிறுவிய கிருஷ்ணர் கோயிலின் பூசைப் பொறுப்பு எட்டு மடங்களிடையே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறுகிறது. குந்தாபுராவைத் தாண்டினால் மரவந்தே. அங்கே நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு.

அடுத்து முருடேஸ்வரும், ஷராவதி கடலில் கலக்கும் ஹொன்னாவரும் வருகின்றன. ஹொன்னாவரை அடுத்த காசர்கோடு கடற்கரையும் 2020-இல் நீலக்கொடி பெற்றது. கோகர்ணாவில் மகாபலேஸ்வரர் கோயில்; அங்கோலா 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தால் பெயர் பெற்றது. கார்வாரின் கடற்கரைக்கு, இளமையில் அங்கே வந்து தங்கிய தாகூரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. காலையில் நீர்தோசை, மங்களூர் பன்ஸ். மதியம் அயிலைக் குழம்பும் கோரி ரொட்டியும். சைவம் உண்பவர்களுக்கு உடுப்பிச் சமையல். இவை வழியெங்கும் கிடைப்பதால் வண்டி அடுப்பு தேநீருக்கும் கஞ்சிக்கும் போதும்.

கரைக்கு வந்த பிறகு ஒரு நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாமல், ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்கினால்தான் உடம்பு தாங்கும், ஊரும் பிடிபடும்.

தங்குமிடமும் பாதுகாப்பும்

கடற்கரை மணலில் வண்டியை இறக்கக் கூடாது. சக்கரம் புதையும், அலை ஏறினால் மீட்கவும் முடியாது. ஹோம்ஸ்டே வளாகத்தில் அனுமதி பெற்று நிறுத்துவதே பாதுகாப்பானது. மலையை வெட்டிய சாலையோரங்களில் மழையின்போது நிற்கவே கூடாது. 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே சிரூரில் மண் சரிந்து நெடுஞ்சாலையை மூடியது. சாலையோரத் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அடைத்த வண்டிக்குள் அடுப்பை எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். உப்புக்காற்று இரும்பை அரிப்பதால் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும்.

இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள் மருத்துவமனைகளின் தொலைவைக் கணக்கிட வேண்டும். மங்களூரிலும் மணிப்பாலிலும் பெரிய மருத்துவமனைகள் உண்டு. உத்தர கன்னட மக்கள் தங்கள் மாவட்டத்துக்கு ஒரு பல்நோக்கு மருத்துவமனை கேட்டு நெடுங்காலமாகப் போராடிவருகிறார்கள். அங்கே பயணம் செய்வோர் மருந்துச் சீட்டையும் கூடுதல் மருந்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு 108, அவசர உதவிக்கு 112, நெடுஞ்சாலை உதவிக்கு 1033 ஆகிய எண்களை வண்டிக்குள் எழுதி ஒட்டலாம்.

இக்கரைக்கு இனித் தேவை நிறுத்துமிடங்கள். வண்டிக்கழிவைச் சுகாதாரமாக இறக்கவும், குடிநீர் நிரப்பவும், மின்சாரம் பெறவும் வசதியுள்ள சிறிய இடங்களை ஊருக்கு ஒன்றாகக் கர்நாடகச் சுற்றுலாத் துறையும் உள்ளாட்சிகளும் அமைக்க வேண்டும். அதுவரை முதல் பயணம் வாடகைக் கேரவனிலோ சொந்தக் காரிலோ அமையட்டும். டிரெய்லர் வாங்குவதை அதன் பிறகு யோசிக்கலாம்.