நாள்களுக்கும் விலை உண்டு

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் அதிகாலையில் உதிரிப்பூ வாங்கும் பெண்மணி, அதைச் சரமாகக் கட்டி அன்று மாலைக்குள் விற்றுவிடுகிறார். காலையில் போட்ட முதல் இரவில் கைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் அதே பணம்தான் மீண்டும் பூவாகிறது. வைகுந்த ஏகாதசியை ஒட்டிப் பூ விலை ஏறும்போது மட்டும் அவருக்குக் கூடுதல் பணம் தேவைப்படும்.

காவிரியைக் கடந்து துவாக்குடிக்குச் சென்றால் கணக்கே மாறிவிடுகிறது. பெல் கொதிகலன் ஆலையின் வருகைக்குப் பின் இப்பகுதியில் பெருகிய இரும்புக் கட்டுமானப் பட்டறைகளில், போட்ட பணம் திரும்புவதற்கு மாதங்கள் ஆகும். அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் இப்பணமே நடைமுறை மூலதனம். அதன் அளவைத் தொழிலின் பருமன் மட்டும் தீர்மானிப்பதில்லை. பணம் வெளியே நிற்கும் நாள்களும் தீர்மானிக்கின்றன.

ஒரு பட்டறையின் அன்றாடச் செலவு ரூ.20,000 என வைத்துக்கொள்வோம். மூலப்பொருள் இருப்பில் 15 நாள், உற்பத்தியில் 30 நாள், விற்ற பொருளுக்குப் பணம் வர 45 நாள். மொத்தம் 90 நாள். மூலப்பொருளை விற்றவர் உள்ளிட்டோர் சராசரியாக 30 நாள் தவணை தந்தால், மீதமுள்ள 60 நாள்களுக்கு ரூ.12 லட்சம் வேண்டும். வாங்கியவர் 45-க்குப் பதிலாக 90 நாள் கழித்துப் பணம் தந்தால் தேவை ரூ.21 லட்சமாகிறது. ஆர்டர் ஒன்றுகூட அதிகரிக்கவில்லை. ஆனால், கூடுதலான ரூ.9 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால், ஆண்டுக்கு ரூ.1.08 லட்சம் லாபத்திலிருந்து கரைந்துவிடும்.

சிறுதொழில்களுக்கான நாயக் குழு முறைப்படி, எதிர்பார்க்கப்படும் ஆண்டு விற்றுமுதலில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவையாகக் கொள்ளப்படுகிறது. அதில் 20 சதவீதத்தை வங்கி தர, 5 சதவீதத்தைத் தொழில்முனைவோர் போட வேண்டும். 25 சதவீதம் என்பது மூன்று மாதச் சுழற்சி. அதற்கு மேல் பணம் முடங்கினால், வங்கிக் கடன் போதாமல் வெளியில் கைநீட்ட நேரிடுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். கெடுவுக்குள் செலுத்தாத தொகையை, அதைச் செலுத்தும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் 2024 ஏப்ரல் 1 முதல் விதி வந்துவிட்டது.

எனினும், பலர் முறையிடத் தயங்குகின்றனர். அடுத்த ஆர்டர் கைநழுவிவிடுமோ என்ற அச்சமே காரணம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும், சிறியவர் தம் கடனில் பெரியவருக்கு வட்டியின்றிப் பணம் கொடுக்கிறார் என்பதே உண்மை.

ஆர்டர் பெறும்போது விலையைப் பேசுவதைப்போலப் பணம் வரும் நாளையும் பேசி, எழுத்தில் பெற வேண்டும். பொருளை வாங்குவோரும் ஒன்றை உணர வேண்டும்: குறித்த நாளில் பணம் தருவது சலுகையன்று, கடமை.