பந்தே ஆடாத 'நாட் அவுட்'

புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே உறவினருக்குத் துணையாக இரவு தங்கியவர்களுக்குத் தெரியும், படுக்கையில் இருப்பவரைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரவு நீளமானது. சம்பளம், பதவி, ஊரில் இருக்கும் பேர் எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வராது. மூச்சு சீராக வருகிறதா என்பது மட்டும்தான் மனசில் ஓடும்.

1883-ம் ஆண்டு குளிர்காலத்தில் இங்கிலாந்தில் அப்படியோர் இரவைக் கழித்தவர் சார்லஸ் தாமஸ் ஸ்டட். வயது 23. அன்றைய இங்கிலாந்தின் முன்னணி கிரிக்கெட் வீரர்களில் ஒருவர். பிற்பாடு நம் ஊட்டியில் ஆறு வருஷம் போதகராக இருந்தவர்.

ஏழு ரன் தோல்வி

இந்தியாவில் அவுரித் தோட்டம் வைத்துச் சம்பாதித்துத் திரும்பிய பணக்காரரின் மகன் ஸ்டட். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே பேட்டிங், பந்துவீச்சு இரண்டிலும் கலக்கினார். 1882-ல் ஒரே சீசனில் 1,000 ரன்னும் 100 விக்கெட்டும் எடுத்தார். மறு வருஷமும் அதையே செய்தார்.

அந்த 1882 ஆகஸ்ட்டில்தான் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவோடு புகழ்பெற்ற டெஸ்ட் நடந்தது. இங்கிலாந்து ஜெயிக்க 85 ரன் போதும். ஆனால், விக்கெட்டுகள் சரிந்தன. பத்தாவது ஆளாக இறங்கிய ஸ்டட் மறுமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி விக்கெட்டும் விழுந்தது. ஏழு ரன்னில் தோல்வி. ஸ்டட் ஒரு பந்துகூட ஆடாமல், பூஜ்யத்தில் 'நாட் அவுட்'.

'இங்கிலாந்து கிரிக்கெட் இறந்துவிட்டது. உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்படும்' என்று ஒரு பத்திரிகை கேலியாக மரண அறிவிப்பு போட்டது. 'ஆஷஸ்' என்ற பெயர் பிறந்தது அப்படித்தான். அந்தச் சாம்பலை மீட்க ஆஸ்திரேலியா போன அணியில் சார்லஸும் அவர் அண்ணன் ஜார்ஜும் இருந்தார்கள்.

அண்ணனின் கட்டிலருகே

ஊர் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. ஜார்ஜ் கடுமையான நோயில் படுத்தார். பிழைப்பாரா என்பதே சந்தேகம். கேலிக்கு எழுதிய மரண அறிவிப்பு வேறு. கூடப் பிறந்தவன் மூச்சுக்குத் திணறுவதைப் பார்ப்பது வேறு.

பள்ளிப் பருவத்திலேயே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்தான் சார்லஸ். ஆனால், கல்லூரிக் காலத்தில் அந்த விசுவாசம் ஓரமாக ஒதுங்கியிருந்தது. 'இந்தப் பேரும் புகழும் கைதட்டலும் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எதற்கு உதவும்?' என்ற கேள்வி அந்த நாட்களில் அவரைப் பிடித்துக்கொண்டது. ஜார்ஜ் பிழைத்துக்கொண்டார். கேள்வி மட்டும் தம்பியை விடவே இல்லை.

1885-ல் நண்பர்கள் ஆறு பேரோடு மிஷனரியாகச் சீனாவுக்குக் கப்பலேறினார். தந்தை வழியில் வந்த சுமார் 29,000 பவுண்டு சொத்தையும் தானமாகக் கொடுத்துவிட்டார்.

ஊட்டியில் தூங்காத இரவுகள்

1900-லிருந்து 1906 வரை ஊட்டி யூனியன் சர்ச்சில் போதகர் பணி. மனைவி பிரிசில்லாவும் நான்கு மகள்களும் கூட இருந்தார்கள். ஆனால், ஆஸ்துமா அவரைப் பல இரவு படுக்கவே விடவில்லை. ஒரு காலத்தில் அண்ணனின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இப்போது தன் மூச்சுக்காக உட்கார்ந்திருந்தார்.

விசுவாசம் அவருக்கு நோயில்லாத உடம்பைத் தரவில்லை. 'இந்த உடம்பு உள்ளவரை எதற்குப் பயன்படட்டும்?' என்று கேட்கும் துணிச்சலைத் தந்தது. உடல்நிலை தாங்காது என்று மருத்துவர் தடுத்தும், 1910-ல் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்.

அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டுமல்ல. இதய நோயாளியான பிரிசில்லா இங்கிலாந்தில் இருந்தார். கடைசி வருஷங்களில் கணவனும் மனைவியும் சந்தித்தது ஒரே முறை, 1928-ல், சுமார் இரண்டு வாரம். அடுத்த வருஷமே பிரிசில்லா இறந்துபோனார். ஸ்டட்டைப் போற்றுகிறவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார்கள்.

1931 ஜூலை 16 அன்று, பெல்ஜியன் காங்கோவின் இபாம்பியில் 70 வயதில் ஸ்டட் காலமானார். அவரது கடைசி வார்த்தை 'அல்லேலூயா' என்று அவருடைய மருமகன் நார்மன் க்ரப் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

பிழைக்காதபோதும்

ஜார்ஜ் பிழைத்தார், சரி. பிழைக்காதவர்களின் நம்பிக்கை என்ன ஆவது? அதற்கு இன்னொரு வீரரின் வாழ்க்கை பதில் சொல்கிறது.

1924-ல், அன்று புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த பிரான்சின் தலைநகர் பாரிஸில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால், ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடல் 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தார். பிறகு 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அவரும் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் அவரை முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக்கட்டியால் முகாமிலேயே இறந்தார். வயது 43. கனடாவில் பிறந்த மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

கிறிஸ்தவ நம்பிக்கை என்பது, கும்பிட்டால் நோய் தீரும் என்ற உத்தரவாதமல்ல. சிலுவையில் இறந்த இயேசு உயிர்த்தெழுந்தார். ஆகவே மரணத்துக்கு அப்பாலும் கடவுளின் கை விடாது என்பதே அது. வாழ்க்கையை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்ட பவுல், அந்தக் கடிதத்தை எழுதியது கொரிந்து மக்களுக்கு. அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் கிரேக்கர்களின் பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஜெயித்தவருக்கு இலைகளால் செய்த கிரீடம் சூட்டுவார்கள். சில நாளில் வாடிவிடும். வாடாத ஒன்றுக்காக ஓடுங்கள் என்பதுதான் பவுல் சொன்னதன் சாரம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். புதுச்சேரிக் கல்லறைகளில் பூவும் மெழுகுவத்தியுமாகக் குடும்பங்கள் கூடும். இறந்தவர்களை 'போய்விட்டார்கள்' என்று கைவிடாத நம்பிக்கை அது. கதிர்காமத்து மருத்துவமனையில் இன்று இரவு கண்விழித்துக் காத்திருக்கும் ஒருவருக்கும் அதுவே கைத்துணை. கட்டிலில் இருக்கும் தம்பி எழுந்து வரலாம், வராமலும் போகலாம். அவன் கையை விடாமல் பிடித்திருக்க, அந்தத் துணை போதும்.